சந்திரகலா தனக்காகக் கேட்ட பெட்டி

கவரைப்பேட்டையில் விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இறங்கும் சந்திரகலாவுக்குப் பதினான்கு வருஷமாக ஒரே வேலைதான். கறுப்பு ரப்பர் வளையங்களைப் பார்ப்பது. காரின் பிரேக்குக்குள் போகிற வளையம். விரலில் போட்டால் மோதிரம் மாதிரி நிற்கும். மேஜை விளக்கின் அடியில் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு சுற்றுச் சுழற்றிப் பார்த்து, நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதை ஒரு தட்டிலும் போட வேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஐயாயிரம். கை தோளுக்கு மேல் போகவேண்டிய தேவையே அந்த வேலையில் கிடையாது. வீட்டில் கொடியில் துணி போடும்போது மட்டும் போகும்.

2009ஆம் வருஷம் மே மாதத்தில் ஒரு நாள், டீ குடிக்கப் போகிற வழியில், லாரியில் ஏற்றுவதற்காக அடுக்கியிருந்த அட்டைப்பெட்டி ஒன்று வாய் திறந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தாள். பழக்கதோஷம். இரண்டு விரலுக்கு நடுவில் அமுக்கினாள். உள்பக்கம் தலைமுடி மாதிரி ஒரு கீறல். இன்னொன்றை எடுத்தாள். அதிலும் அதே இடத்தில் அதே கீறல்.

"சார், இத ஏத்தாதீங்க" என்று லாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

அவர்கள் மேஜைக்கு வராமல் மெஷினிலேயே சோதித்து, முத்திரை குத்தி, மேனேஜர் கையெழுத்தும் போட்ட சரக்கு. மேனேஜர் கோபமாகத்தான் வந்தார். பத்துப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்த பிறகு அந்தக் கோபம் மெஷின்காரர்கள் பக்கம் திரும்பியது. கார் கம்பெனிக்காரர்கள் அடுத்த வாரம் வந்து, நடந்ததைக் கேட்டு, எட்டுப் பெண்கள் உட்காரும் அந்த மேஜையை ஏதோ கோயில் சன்னதி மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். ஆர்டர் கூடியது.

அதற்காகத்தான் பரிசு. ஆகஸ்ட் பதினைந்து கொடியேற்றும்போது கொடுப்பார்கள். வீட்டுக்கு ஒரு பொருள், அவளுக்கு எது வேண்டுமோ அது, கம்பெனி வாங்கித் தரும். இதைச் சொல்ல எச்.ஆர். பாக்கியநாதன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பதினான்கு வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

"கிரைண்டர்னு எழுதிக்கட்டுமாம்மா?" காகிதத்தில் 'கிரை' வரைக்கும் எழுதியேவிட்டார்.

"வேணாம் சார்."

"வாஷிங் மெஷினா?"

"இல்ல சார். டிவில மாட்டுவாங்களே. கையில ஒரு குச்சி மாதிரி குடுப்பாங்க. நாம கைய வீசினா, உள்ள இருக்கிற ஆளும் வீசும். அது."

பாக்கியநாதனின் பேனா நின்றது. "வீடியோ கேமா?"

"ஆமா சார்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "உங்க பொண்ணு பத்தாவது இல்ல?"

"ஆமா சார்."

"புரியுதும்மா" என்றார். 'கிரை'யை அடித்துவிட்டு எழுதினார். அவருக்கு என்ன புரிந்தது என்பது சந்திரகலாவுக்கு அப்போது புரியவில்லை. பெண் பத்தாவது படிப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே மேஜைக்குத் திரும்பினாள்.

விஷயம் இவ்வளவுதான். அதற்கு மூன்று மாதம் முன்பு மேனேஜர் அம்பத்தூரில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் நடத்தினார். மேஜைப் பெண்கள் எட்டுப் பேரும் ஒரு குத்துவிளக்கை வாங்கிக்கொண்டு வேன் வைத்துப் போனார்கள். சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. மாடி ஹாலில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மேனேஜரின் தங்கை மகள், ஒன்பது வயசு இருக்கும், டிவி முன்னால் தனியாக நின்று காற்றில் குத்திக்கொண்டிருந்தாள். டிவிக்குள் ஒரு பொம்மை இன்னொரு பொம்மையைக் குத்திக்கொண்டிருந்தது. கூட ஆட ஆள் இல்லாத எரிச்சலில், வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்த சந்திரகலாவின் கையில் அந்தப் பெண் இரண்டு பிடிகளைத் திணித்தது. "ஆன்ட்டி, ஹிட்!"

சந்திரகலா கூச்சத்தோடு ஒரு குத்து விட்டாள். பிடியே கைக்குள் அதிர்ந்து 'டப்' என்றது. டிவிக்குள் எதிராளியின் தலை பின்னால் போய் வந்தது.

இன்னொன்று விட்டாள்.

அவள் வாழ்க்கையில் எதையும் ஓங்கி அடித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரம் வந்தால் பையன்கள் பந்து ஆடுவார்கள், பெண்கள் டீச்சர்களின் டிபன் டப்பாக்களைக் கழுவுவார்கள். மகளைக்கூட அடித்ததில்லை. அன்றைக்கு அந்த மாடி ஹாலில் நான்கு நிமிஷம், கொண்டை அவிழ, புடவைத் தலைப்பு நழுவ, அவள் குத்திய குத்தில் மேனேஜர் வீட்டுப் பெண் ஓரமாய் ஒதுங்கி நின்று பார்த்தது. கீழே பந்தி கூப்பிட்டார்கள். சந்திரகலா இரண்டாம் பந்திக்குத்தான் உட்கார்ந்தாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தோள் இரண்டு நாள் வலித்தது. நல்ல வலி. அந்த வலி போனதும்தான் வருத்தமாக இருந்தது.

பரிசுப் பொருள் வாங்கப் பாக்கியநாதனே கம்பெனி காரில் அவளைப் பொன்னேரிக்கு அழைத்துப் போனார். பஜாரில் ஹனீப் பாய் கடை. பழவேற்காட்டுக்காரர்; டிவி, சிடி, செல்போன் எல்லாம் உண்டு. முன்னாலேயே சொல்லியிருந்ததால் சென்னைக்குப் போய் மூன்று விதம் கொண்டுவந்து வைத்திருந்தார்.

"வாங்க தங்கச்சி. நாஷ்டா ஆச்சா? இத பாருங்க மொதல்ல. விலையும் கம்மி, நூத்தி ஒரு ஆட்டம். கைய வீசினா போதும்." பளபளவென்று வெள்ளைப் பெட்டி. எந்தக் கம்பெனி என்று அதில் எழுதியில்லை.

சந்திரகலா குச்சியை வாங்கிக்கொண்டாள். முதலில் ஆடவில்லை. விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிளாஸ்டிக் ஓடு இரண்டும் சேருகிற இடத்தில் நகத்தை ஓட்டினாள். "பாய், விளிம்புல பிசிறு நிக்குது" என்றாள். பிறகு டென்னிஸ் ஆட்டத்தைப் போடச் சொன்னாள். வீசினாள், உள்ளே மட்டை வீசியது. லேட்டாக வீசினாள், அப்போதும் பந்து சரியாகப் பட்டது. அடுத்த பந்து வரும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்த ஆள் தானாகவே அடித்து, தானாகவே ஜெயித்து, தானாகவே குதித்தான்.

"பாய், இவனுக்கு நான் இன்னாத்துக்கு?"

ஹனீப் பாய் மண்டையைச் சொறிந்தார். "கரெக்டா புடிச்சிட்டீங்க. மூணு மாசமா விக்கிறேன், ஒருத்தர் கூட கை கட்டிப் பாக்கல."

இரண்டாவது, கேமரா வைத்த பெட்டி. கையில் எதுவும் பிடிக்க வேண்டாம். டிவி மேல் உட்கார்ந்து அது நம்மைப் பார்க்கும். சந்திரகலா எதிரே நின்றாள். அவள் கையை ஆட்டினால் உள்ளே குமிழிகள் உடைந்தன. அவள் ஆட்டாதபோதும் உடைந்தன. திரும்பிப் பார்த்தால், பின்னால் பாக்கியநாதன் கர்சீப்பால் விசிறிக்கொண்டிருந்தார். அவர் எண்பது பாயின்ட் எடுத்திருந்தார்.

"இதுக்கு ஊட்ல யாரும் நடமாடக் கூடாது. எங்க ஊட்டு ஹாலு வழியாத்தான் பாத்ரூமுக்கே போகணும்" என்று தள்ளிவைத்தாள்.

மூன்றாவதுதான் அவள் கிரகப்பிரவேசத்தில் பார்த்தது. ஜப்பான் பெட்டி. புத்தகம் மாதிரி ஒல்லியாக நிமிர்ந்து நின்றது.

"இதும் பேரு வீ" என்றார் ஹனீப் பாய்.

"வீ-ன்னா? மீதி?"

"மீதி இல்ல. அவ்ளோதான் பேரே."

லேட்டாக வீசிப் பார்த்தாள். பந்து போய்விட்டது. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தோற்றாள். தோற்றதும் முகம் மலர்ந்தது. "இது நேர்மையா கீது பாய். இதக் கட்டுங்க" என்றாள்.

கார் கதவைத் திறக்கும்போது பாக்கியநாதன் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "எதிர்க் கடையிலயே கிரைண்டர் இருக்கும்மா. உங்களுக்குன்னு ஒண்ணும் வேணாமா?"

"இதுதான் சார் எனக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் பதினைந்து காலை கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்த பிறகு பாக்கியநாதன் மைக்கைப் பிடித்தார். கணவர் மணவாளனுக்கும் மகள் நர்மதாவுக்கும் முதல் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். மணவாளன் பஞ்செட்டிக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் ஆபரேட்டர். அன்றைக்காகச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நிர்வாகம் சொன்னது. தனக்கென்று ஒரு கிரைண்டர்கூடக் கேட்கவில்லை இந்தத் தாய்!" என்றார் பாக்கியநாதன். "தன் மகளின் முகத்தில் ஒரு சிரிப்பு. அது போதும் என்று சொல்லிவிட்டார்!"

கூட்டத்தில் பேக்கிங் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கிரைண்டர் கேட்டிருந்தால் அது அவள் தனக்காகக் கேட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதில் அரைக்கிற மாவை வீடே தின்னும் என்பது யாருக்கும் தோன்றியிருக்காது. சந்திரகலா மேடையில் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். பேசச் சொன்னார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். இது பொண்ணுக்கு இல்லீங்க. அது கேக்கவே இல்ல. எனக்குத்தான் ஆசை. எனக்கு அந்தக் குத்துச்சண்டை புடிச்சிருந்திச்சி."

மொத்தக் கூட்டமும் சிரித்துக் கைதட்டியது. மேனேஜர் மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா? தன் தியாகத்தை வெளியே காட்டிக்கக்கூடாதுன்னு எப்படி விளையாட்டா பேசறாங்க! இதுதான் தாய்மை."

கம்பெனி மாதப் பத்திரிகையில் படம் போட்டுச் செய்தி வந்தது. தலைப்பு 'வளையம் காத்த கரம், மகளுக்கு வரம்.' கேன்டீன் சுவரில் அதைப் பெரிதாக்கி ஒட்டினார்கள். ஒரு பிரதி எப்படியோ நர்மதாவின் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

"கிளாஸ் டீச்சர் என்ன எழுப்பி நிக்க வெச்சாங்க" என்று சாயங்காலம் பையைத் தூக்கிப் போட்டாள் நர்மதா. "அம்மா கஷ்டத்தப் புரிஞ்சிகினு படின்னு அரை மணி நேரம் பேசறாங்க. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. நான் எப்பம்மா இத கேட்டேன்? நான் கேட்டது செல்போனு!"

"நீ கேக்கலடி. எனக்குத்தான் வாங்கினேன்."

"நீ வேற சும்மா இரும்மா. ஏற்கெனவே பேஜாரா கீது."

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மணவாளன் தீர்ப்புச் சொன்னார். ஹனீப் பாய் வந்து டிவியில் மாட்டிக் காட்டி, எல்லாம் வேலை செய்கிறது என்று நிரூபித்துவிட்டுப் போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மணவாளன் ஒயர்களைச் சுருட்டினார். பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றினார். பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"ஏப்ரல் வரைக்கும் யாரும் தொடக் கூடாது. பத்தாவது பரீட்சை முடியட்டும். நர்மதா, கோவிச்சிக்காத. உன் நல்லதுக்குத்தான்."

"எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று நர்மதா எழுந்து போனாள்.

"பாத்தியா கலா, எவ்ளோ ஏக்கம் அதுக்கு?" என்றார் மணவாளன். சாவியை எடுத்துச் சந்திரகலாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "இத நீயே வெச்சிக்க. என்கிட்ட இருந்தா, அது அழுதா குடுத்துடுவேன். நீதான் கண்டிப்பா இருப்ப."

சந்திரகலா சாவியைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிச் சொல்லி ஏற்கெனவே அலுத்துப்போயிருந்தது. "சரிங்க" என்றாள்.

முதல் ஷிப்டு இரண்டு மணிக்கு முடியும். கம்பெனி பஸ் அவளைக் கவரைப்பேட்டையில் இறக்கிவிடும்போது மணி இரண்டே முக்கால். மதியக் கரண்ட் கட்டு அதற்குள் முடிந்திருக்கும். நர்மதா பள்ளி முடிந்து, ட்யூஷனும் முடிந்து வர ஏழு ஆகும். மணவாளனும் அந்த நேரம்தான். நடுவில் நான்கு மணி நேரம், வீட்டில் ஒரு ஆள் கிடையாது.

மூன்று நாள் தாக்குப்பிடித்தாள். நான்காம் நாள் பாத்திரம் துலக்கிவிட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டு, சாவியை எடுத்தாள்.

ஆடுவதற்கு முன்னால் ஒரு பொம்மை செய்துகொள்ள வேண்டும் என்று பெட்டி கேட்டது. அதன் இங்கிலீஷ் அவளுக்குப் பாதிதான் புரிந்தது. படம் பார்த்து மீதியைப் பிடித்துக்கொண்டாள். முகம், கண், மூக்கு, கொண்டை எல்லாவற்றுக்கும் வகைவகையாக இருந்தன. பொட்டு மட்டும் இல்லை. ஐயாயிரம் வளையம் பார்க்கிற பொறுமையோடு தேடினாள். கன்னத்தில் வைக்கிற மச்சம் ஒன்று கிடைத்தது. அதை மெல்ல மெல்ல மேலே நகர்த்தி, இரண்டு புருவத்துக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். பேர் கேட்டது. KALA என்று நான்கு எழுத்துப் போட்டாள்.

முதல் வாரம் கலா எல்லோரிடமும் அடி வாங்கினாள். இரண்டாம் வாரம் தலையை ஒதுக்கக் கற்றுக்கொண்டாள். தீபாவளிக்குள் எதிராளியின் இடது கை தாழ்கிற சமயத்தைக் கண் பிடித்துவிட்டது. நல்லதையும் கெட்டதையும் பிரித்தே பழகின கண். அந்தச் சமயத்தில் வலது கையை விட்டால் போதும். கட்டில் மூலையில் முட்டி இடித்துக் கன்றிப்போனபோது, "மெஷின்ல பட்டுச்சி" என்றாள். ரவிக்கைக் கை இறுகியபோது, டைலரிடம் தையலைப் பிரித்துவிடச் சொன்னாள். பிடிகளுக்கு வாரம் இரண்டு பென்சில் செல் தேவைப்பட்டது. ஹனீப் பாய்க்கு மட்டும் சந்தேகம் வந்தது. "தங்கச்சி, ஊட்ல எத்தினி கடிகாரம் ஓடுது?" என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே செல்லை வாங்கிப் பையில் போட்டாள்.

ஆறு மணிக்கெல்லாம் ஒயர்கள் சுருட்டப்பட்டிருக்கும். வேட்டி சுற்றப்பட்டிருக்கும். பீரோ பூட்டியிருக்கும். ராத்திரி மணவாளன் சாவி பத்திரமா என்று கேட்பார். பத்திரம் என்பாள்.

ஏப்ரலில் கடைசிப் பரீட்சை முடிந்த அன்று மணவாளன் மில்லுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, கால் கிலோ ஜிலேபியோடு வந்தார். சாவியை வாங்கி, ஒரு சடங்கு மாதிரி பீரோவைத் திறந்து, பெட்டியை நர்மதாவின் கையில் கொடுத்தார். எட்டு மாதத்தில் நர்மதாவின் வெறுப்பு ஆறிப்போயிருந்தது. அவளே ஒயர்களை மாட்டினாள். டிவியில் படம் வந்ததும் இங்கேயும் அங்கேயும் அழுத்திப் பார்த்தாள். திடீரென்று நின்றாள்.

"ப்பா, இதுல காலண்டர் மாதிரி ஒண்ணு கீது. எந்த நாள் எவ்ளோ நேரம் ஆடினாங்கன்னு எழுதி வெச்சிருக்கு."

"இன்னா எழுதியிருக்கு? ஹனீப் பாய் ஆடிக் காட்டினதா?"

"பிப்ரவரி பத்து, ஒரு மணி நாப்பது நிமிஷம். பதினொண்ணு, ரெண்டு மணி நேரம். மார்ச்ல…" நர்மதா பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனாள். "ப்பா, ஞாயித்துக்கிழமை தவிர எல்லா நாளும் கீது."

மணவாளனின் முகம் மாறியது. ஜிலேபிப் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"பரீட்சை நேரத்துல ரெண்டு மணி நேரமா?"

"நான் இல்லப்பா!"

"நீ இல்லாம பின்ன யாரு? நானா? மில்லுல நெல்லு கொட்டினு இருக்கிற நானா?"

சந்திரகலா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அத திட்டாதீங்க. ஆடினது நான்."

மணவாளன் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் அப்படியே இளகி வேறொன்றாக ஆனது. "பாரு நர்மதா. நல்லா பாத்துக்க. உன்னக் காப்பாத்த உங்கம்மா பழிய தன் தலைமேல போட்டுக்கறா. இவளுக்கு நீ பண்ற கைம்மாறு இதுதானா?"

"நிஜமாத்தாங்க சொல்றேன். அதுல பேரு கூட போட்டிருப்பேன், பாருங்க."

நர்மதா அவசரமாகத் தேடி எடுத்தாள். டிவியில் கொண்டை போட்டு, நெற்றியில் கறுப்புப் பொட்டு வைத்த பொம்மை ஒன்று கையை வீசிக்கொண்டு நின்றது. கீழே KALA.

மணவாளன் நர்மதாவின் தலையில் கை வைத்தார். "அம்மா பேர்லயே ஆடியிருக்கியேடி! பாசம் இருக்குது, படிப்புலதான் கவனம் இல்ல."

"ஐயோ அப்பா!" நர்மதா அழ ஆரம்பித்தாள்.

சந்திரகலா புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். மகளின் கையிலிருந்து பிடிகளை வாங்கினாள். கட்டிலைக் காலால் ஒரு சாண் நகர்த்தினாள். அது எங்கே இருந்தால் முட்டி இடிக்காது என்று அவளுக்குத் தெரியும். குத்துச்சண்டையைப் போட்டாள். டிவிக்குள் மணி அடித்தது. எதிராளி, மொட்டைத் தலை, அகன்ற தோள், முன்னால் வந்தான். சந்திரகலா தலையை இடதுபக்கம் ஒதுக்கினாள். அவன் குத்து காற்றில் போனது. அவன் கை தாழ்ந்தது. வலது, வலது, இடது, மறுபடி வலது. டப், டப் என்று பிடிகள் அதிர்ந்தன. மூச்சை 'ஹூ, ஹூ' என்று விட்டாள். மொட்டைத் தலை பின்னால் சாய்ந்து, தடுமாறி, பொத்தென்று விழுந்தான். எழுந்தான். மறுபடி விழுந்தான். மூன்றாம் முறை எழுந்திருக்கவில்லை.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. டிவிக்குள் கூட்டம் கைதட்டியது. ஹாலில் யாரும் தட்டவில்லை.

நர்மதாதான் முதலில் வாயைத் திறந்தாள். அழுகை எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. "ம்மா… நீயாம்மா?"

மணவாளன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கலா, தப்பா எடுத்துக்காத. யார நெனைச்சிகினு அப்படி அடிக்கிற?"

"யாரையும் இல்லீங்க. அவன் இடது கை எறங்கும். எறங்கினா அடிக்கணும். அவ்ளோதான்."

அவர் நம்பவில்லை. அடுத்த ஒரு வாரம் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். சாம்பாரில் உப்பு இல்லாத அன்றும் நன்றாக இருந்தது என்றார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது, "அவளுக்கு மணிக்கட்டு வலி. டாக்டர் இந்த எக்சர்சைஸ் பண்ணச் சொல்லிருக்காரு" என்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னார். சந்திரகலா மறுக்கவில்லை. இந்தப் பெட்டிக்குத் தியாகம் ஒரு காரணம், மணிக்கட்டு ஒரு காரணம். அவள் சொன்ன காரணத்தைத் தவிர எல்லாம் ஊரில் செல்லுபடியானது.

மே கடைசியில் ரிசல்ட் வந்தது. நர்மதா ஐந்நூற்றுக்கு நானூற்று நாற்பத்தொன்று. பாக்கியநாதன் பத்திரிகைக்காக மறுபடியும் நோட்டோடு மேஜைக்கே வந்துவிட்டார்.

"சொல்லுங்கம்மா. பரிசு வாங்கின பெட்டிய என்ன பண்ணீங்க?"

"பீரோவுல வெச்சிப் பூட்டினாரு சார் எங்க ஊட்டுக்காரரு. நான் தெனமும் தொறந்து ஆடினேன். இப்ப என் பொம்மைக்கு ஆயிரத்து நானூறு பாயின்ட் சார்."

பாக்கியநாதன் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். அடுத்த இதழில் வந்தது இது: 'மகள் படிக்கும்வரை அந்தப் பெட்டியைப் பூட்டி வைத்துக் காவல் காத்த தாய், மகள் எடுத்ததோ நானூற்று நாற்பத்தொன்று.' சந்திரகலா அதைப் படித்துவிட்டு, நான்காக மடித்து, ஆடுகிற டிவி ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியில் வைத்தாள். ஸ்டாண்டு ஆடுவது நின்றது.

அவள் சொன்னதை நம்பிய ஆள் ஒரே ஒருத்தி. பேக்கிங்கில் வேலை செய்யும் நஜ்மா. பாக்கியநாதனிடம் சந்திரகலா சொன்னதைப் பக்கத்து மேஜையிலிருந்து கேட்டிருந்தாள். பஸ்ஸில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நெஜமாவே குத்துவீங்களா?"

"வந்து பாரேன்."

நஜ்மா வந்து பார்த்தாள். முதல் நாள் பிடியை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாமல் கலாவிடம் அடி வாங்கினாள். இரண்டாம் நாள் புர்காவை மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்து நின்றாள். மூன்றாம் வாரம் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். செவ்வாயும் வியாழனும் மூன்று மணிக்கு. ஆளுக்கு மூன்று ரவுண்டு. மற்றவர்கள் கட்டில்மேல் உட்கார்ந்து, வேர்க்கடலை உரித்தபடி, "லெப்டு! லெப்டு உடு!" என்று கத்துவார்கள். அந்த நேரத்தில் மணவாளன் வர நேர்ந்தால் வாசலிலேயே இருமிவிட்டு, டீக்கடைப் பக்கம் போய்விடுவார்.

மற்ற மூன்று பேரும் தங்கள் வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறார்கள் என்று சந்திரகலா கேட்டாள். தையல் கிளாஸ் என்று சொல்லியிருந்தார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லையாம். நஜ்மாவின் கணவர் மட்டும், இத்தனை மாசம் போகிறாயே, தைத்த துணி ஒன்றாவது காட்டு என்று கேட்டுவிட்டார்.

அந்த ஞாயிறு சந்திரகலா பொன்னேரி பஜாரில் ஆறு கடை ஏறி இறங்கினாள். ரெடிமேட் பாவாடைகளை வெளிச்சத்தில் பிடித்து, உள்தையலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். கடைக்காரர்கள் எடுத்துப் போட்டதெல்லாம் நேர்த்தியாக இருந்தன, எதுவும் சரிப்படவில்லை. ஆறாவது கடையில் ஓரம் கோணலாகப் போய், நாடா நுழைக்கிற இடத்தில் நூல் தொங்குகிற ஒன்று கிடைத்தது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவள் தைத்தது மாதிரியே இருந்தது.

"இது டேமேஜ் பீஸும்மா, வேற தரேன்" என்றார் கடைக்காரர்.

"இதான் வேணும்" என்றாள் சந்திரகலா. "பேப்பர்ல சுத்தாதீங்க. அப்படியே குடுங்க."

நஜ்மாவின் கணவர் அந்தப் பாவாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல் தடவைக்குப் பரவாயில்லை, விடாமல் போய்க் கற்றுக்கொள் என்று சொன்னாராம்.